ஓடாத மாமன்

என் தங்கையின் மூத்த மகளுக்குப் பாதித் தலை மழித்திருந்தது. அந்த நேரத்தில்தான், அவளை மடியில் வைத்திருந்த நான் எழுந்து சவுக்குத் தோப்புக்குள் ஓடினேன்.

செய்யூர் பக்கத்தில் தங்கை புகுந்த வீட்டாரின் குலதெய்வக் கோயில் அது. ஒரு பக்கம் வேர்க்கடலைக் கொல்லை, மறுபக்கம் சவுக்கு. பிள்ளைக்கு மொட்டை அடித்துக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்காரவைக்க வேண்டும். அந்த இடத்துக்கு அப்பனும் உரிமை கொண்டாட முடியாது, தாத்தாவும் முடியாது. தங்கைக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். அந்த ஒருவன், பக்கத்தில் நின்ற ஆளின் கையில் பிள்ளையைத் திணித்துவிட்டு, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? நான் திரும்பி வந்தபோது மொட்டையும் முடிந்திருந்தது, காதும் குத்தியாகியிருந்தது. பிள்ளை யாரோ ஒரு பங்காளியின் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தது. தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய மாமியார் மட்டும் "இன்னா தம்பி, இப்டிப் பண்ணிட்ட" என்றார். அப்போதே வயிறு வலித்தது என்று சொல்லியிருக்கலாம். நான் போன் வந்தது என்று சொன்னேன். போன் வந்தால் யாராவது தோப்புக்குள் ஓடுவார்களா? அன்றிலிருந்து அந்த ஊரில் எனக்கு ஓடிப்போன மாமன் என்று பெயர்.

எனக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரப்பாக்கத்தில் வீடு. அங்கிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் எழுந்து நிற்கிற அடுக்குமாடிகள் பலவற்றுக்கு நான் போய் வருகிறேன். மற்றவர்கள் அந்தக் கட்டடங்களைப் பெயரால் அடையாளம் காண்பார்கள். நான் கக்கூஸால் அடையாளம் வைத்திருந்தேன். வாட்ச்மேன் ரூமில் ஒன்று உண்டா, உண்டென்றால் தாழ்ப்பாள் சரியாக விழுமா, குழாயில் தண்ணீர் வருமா என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்று, இருட்டுக்குள் கிரீஸ் போட்டுக்கொண்டிருக்கும்போது அடிவயிறு முறுக்க ஆரம்பித்தால் அதைவிட நரகம் கிடையாது. மின்சார ரயிலில் கழிப்பறை இல்லை என்பதால் ரயிலை விட்டே பல வருஷமாகியிருந்தது. கல்யாணம், காரியம் எதற்கும் போகமாட்டேன். எனக்குக் கர்வம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அது எனக்கு வசதியாகவே இருந்தது.

வெளியே கிளம்பும் நாளில் சாப்பிடவும் மாட்டேன். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே என்ன வரும் என்பது என் அறிவு. பகல் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு, இரவு வீட்டுக்கு வந்து தட்டு நிறையச் சோறும் காரக்குழம்பும் அளவில்லாமல் இறக்குவேன். மறுநாள் காலையில் வயிறு என்னைப் பழிவாங்கும். நான் மறுபடியும் பட்டினி கிடப்பேன்.

தோப்புக்குள் ஓடிய பிறகுதான் மனைவி என்னை இழுத்துக்கொண்டு கூடுவாஞ்சேரியில் ஒரு டாக்டரிடம் போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கடைசியில் குழாய் விட்டும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு மண்டைக்கு மேல் கோபம் வந்தது.

"ஒன்னும் இல்லன்னா நான் ஏன் சார் ஓடறேன்?"

அவர் சிரித்துவிட்டார். "புண் இல்ல, கட்டி இல்ல. ஆனா உங்க குடலுக்கு ரோஷம் ஜாஸ்தி. சின்ன விஷயத்துக்கெல்லாம் கோச்சுக்கும். இதுக்கு ஐ.பி.எஸ்.னு பேரு, இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். உயிருக்கு ஒன்னும் ஆகாது. நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க, நடங்க. எது ஒத்துக்கல்லன்னு நீங்கதான் கவனிக்கணும்" என்றார். பிறகு, "பால் குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"பால் வாசனையே ஆகாது சார். சின்ன வயசுலேர்ந்து தொட்டதில்ல."

"ஆமா சார்" என்று என் மனைவியும் சாட்சி சொன்னாள்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாள் சாப்பிட்டேன், கொஞ்சம் தேவலை போல இருந்தது, விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். என்னோடு வேலை செய்கிறவன், "மச்சான், உள்ள அழுக்கு சேந்துகினு கீது. மொத்தமா கழுவி வுட்டா சரியாப் பூடும்" என்று கடுக்காய்ப் பொடி வாங்கிக் கொடுத்தான். மாமனார் விளக்கெண்ணெய் என்றார். பக்கத்து வீட்டம்மா மாதுளம்பழத் தோலைக் காயவைத்து இடித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தார். இன்னொருவர் ஓமத் தண்ணீர். நான் யார் மனதையும் புண்படுத்தக் கூடாதென்று எல்லாவற்றையும் சாப்பிட்டேன். ஒன்று திறந்துவிடும் மருந்து, இன்னொன்று அடைக்கும் மருந்து என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஏற்கனவே தானாகத் திறந்துகொள்கிற கதவுக்கு விளக்கெண்ணெய் போட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஐப்பசியில் ஒருநாள் தங்கை கல்பாக்கத்திலிருந்து போன் செய்தாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே வேலை. சின்னவனுக்கு மாசி மாதத்தில் மொட்டை அடித்துக் காது குத்தலாம் என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னாள். அதே கோயில், அதே தோப்பு. நான் ஏதோ வேலை இருக்கும் என்று ஆரம்பித்தேன்.

"அண்ணா, இன்னா வேலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "வேற யார் மடியிலயும் என் புள்ளைய வைக்கமாட்டேன். ஒரு தபா வச்சது போதும். இவனோட எங்களுக்கு முடிஞ்சுது, இனிமே புள்ள இல்ல. நீ வர்லன்னா அவன் முடியோடவே திரியட்டும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லிச் சமாளித்திருப்பேன். போனை வைத்தேன். அவளுடைய வீட்டில் தாய்மாமன் மடி என்று ஒன்று மிச்சமிருப்பது இந்த ஒரு முறைதான். அதை நான் கழிப்பறைக்குப் பயந்து விடப்போகிறேன் என்று நினைக்கையில் என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த ஆத்திரத்திலேயே வயிறும் கலங்கியது. எழுந்து போனேன்.

கார்த்திகையில் புயல் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் இல்லை, அதனால் லிஃப்ட் எதுவும் ஓடவில்லை, எனக்கும் வேலை இல்லை. கடைகளை மூடிவிட்டார்கள். பால் வண்டி வரவில்லை. மனைவி சுக்கும் கொத்தமல்லி விதையும் தட்டிப்போட்டு, வெல்லம் கரைத்து, டீக்குப் பதிலாகக் கொடுத்தாள். கஞ்சி வைத்தாள். இருக்கிற அரிசியை வைத்து வேளாவேளைக்குக் கொஞ்சமாக வடித்தாள். வீட்டுக்குள் குளிரில் சுருண்டு கிடந்தேன். மழை நின்று தண்ணீர் வடிகிற சமயத்தில்தான் ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை நாளும் என் வயிறு என்னைத் தொந்தரவே செய்யவில்லை.

"சுக்கு வேலை செஞ்சுது" என்றேன். மனைவியும் ஆமாம் என்றாள். இரண்டு பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் டீக்கடை திறந்தது. பல நாள் பட்டினி கிடந்தவனைப் போலப் போய் ஸ்ட்ராங்காக ஒன்று குடித்தேன். ஆசை அடங்காமல் இன்னொன்றும் குடித்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக்கூட நேரமில்லை. உள்ளே ஓடினேன். வெளியே வந்தபோது மனைவி கூடத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, டீயில பால் ஊத்துறாங்கல்ல?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். டீ குடிப்பது எப்படிப் பால் குடிப்பதாகும்? பால் என்றால் டம்ளரில் வெள்ளையாக இருக்கும், ராத்திரி படுக்கப்போகும்போது குடிப்பார்கள். டீ என்றால் டீ. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் போனவுடன் ஒரு டீ, வேலை முடிந்தவுடன் ஒரு டீ, அசோசியேஷன் செக்ரெட்டரி வந்து எட்டிப் பார்த்தால் அவர் பங்குக்கு ஒரு டீ. பட்டினி கிடந்த நாளெல்லாம் நான் உயிர் வாழ்ந்தது அந்த டீயில்தான். ஒரு நாளைக்கு என் வயிற்றுக்குள் போன பாலில் ஒரு கைக்குழந்தையை வளர்த்திருக்கலாம்.

மறுபடி டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "நான்தான் டீ குடிப்பீங்களான்னு கேட்டிருக்கணும்" என்றார். கடுக்காயையும் விளக்கெண்ணெயையும் பற்றிச் சொன்னோம். அவற்றை நிறுத்தச் சொன்னார். நார்ச்சத்துக்கு இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொன்னார். ஓமமும் சுக்கும் அளவோடு இருந்தால் இருக்கட்டும் என்றார். கடைசியில், "பால் பாதிதான். மீதிப் பாதி உங்க பயம். அதுக்கு நான் மருந்து எழுதறதவிட நீங்க பஸ் ஏறுறதுதான் நல்லது" என்றார்.

டீயை விட்டது லேசில்லை. பாலில்லாத டீ கேட்டால் வாட்ச்மேன்களுக்குக் கோபம் வந்தது. "இன்னா அண்ணாத்த, நம்ம வாங்கியாந்தா எறங்காதா?" என்று ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவரிடம் வயிற்று விஷயத்தைச் சொன்னேன். அப்படி ஒருவரிடம் வாய்திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் உடனே குரலைத் தாழ்த்தி, தன் மூலத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். ஊரில் பாதிப் பேருக்கு ஏதோ ஒன்று இருக்கிறது, எல்லோரும் போன் வந்த மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

காலையில் இட்லி, மதியம் டிபன் பாக்ஸில் ரசம் சாதம், மாலையில் பசிக்குமுன் ஒரு வாழைப்பழம், இரவு சீக்கிரமாகச் சிறிது சாப்பாடு. தாளித்த நீர்மோர் மட்டும் எப்படியோ ஒத்துக்கொண்டது. சாப்பிட்ட பிறகு ரயில்வே கேட் வரைக்கும் நடந்துவிட்டு வருவேன். இரவு பத்து மணிக்கு மேல் மனைவி என் போனைப் பிடுங்கிவைத்துவிடுவாள். இதில் எதுவும் பெரிய வித்தையில்லை. ஆனால் என் வயிறு, முதலாளி திட்டுவதை நிறுத்திவிட்ட தொழிலாளியைப் போல மெல்ல மெல்ல ஒழுங்காக வேலைக்கு வர ஆரம்பித்தது.

பஸ் ஏறுகிற மருந்தை மனைவி கையில் எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒத்திகை. முதலில் ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயில். சிங்கப்பெருமாள்கோயில் வரும்போது வியர்த்துவிட்டது. "மூச்சை விடுங்க, இழுத்துப் புடிச்சுக்கினு கீறீங்க" என்றாள். விட்டேன். செங்கல்பட்டில் இறங்கியதும் ஸ்டேஷன் கழிப்பறைக்கு ஓடினேன். உள்ளே போனால் ஒன்றும் வரவில்லை. எனக்கே சிரிப்பு வந்தது. அடுத்த முறை திருக்கழுக்குன்றம் வரைக்கும் பஸ்ஸில் போனோம். அதற்கடுத்து மாமல்லபுரம். ஒருமுறை பாதியில் இறங்கி, ரோட்டோரத்தில் ஒரு ஓட்டல்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதும் உண்டு. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றேன். அவள் அடுத்த பஸ்ஸுக்குக் கைகாட்டினாள்.

மாமல்லபுரத்தில் மணலில் உட்கார்ந்து அவள் எனக்கு முன்னாலேயே பட்டாணிச் சுண்டல் தின்றாள். எனக்குக் கிடையாது, வயிறு ஊதிக்கொள்ளும். அலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். எத்தனை வருஷம் இருக்கும், வெளியூரில் ஒரு இடத்தில் உட்கார்ந்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று தேடாமல் இருந்து? அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவள் கையிலிருந்து ஒரே ஒரு மாங்காய்த் துண்டை எடுத்துக்கொண்டேன்.

மாசியும் வந்தது. காலையில் பட்டினி கிடக்கவில்லை, இட்லி சாப்பிட்டேன். வேனில் சொந்தக்காரர்களோடு போனேன். கல்பாக்கம் தாண்டியதும் அடிவயிற்றில் ஒரு பிசைவு. மூச்சை விட்டேன். போய் இறங்கியபோது தங்கையின் மாமியார் வீட்டு வாசலுக்கே டம்ளர்களோடு வந்துவிட்டார். கறந்த பாலில் போட்ட டீ, ஏடு மிதந்தது. சம்பந்தி வீட்டில் கொடுத்ததை வேண்டாம் என்றால் அவமானப்படுத்துவது போல. அந்த ஊரில் நான் ஏற்கனவே வாங்கிய பெயர் போதாதா? டம்ளரைக் கையில் வாங்கினேன். வாயருகே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தேன்.

"அத்த, எனக்குப் பால் ஒத்துக்காது. வயிறு கெட்டுடும். அன்னிக்குத் தோப்புக்குள்ள ஓடுனதும் அதுக்குத்தான். போன் எல்லாம் ஒன்னும் வர்ல."

தங்கை தரையைப் பார்த்தாள். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட, வயித்துக்குத்தானா? நாங்க சம்பந்தம் புடிக்காம ஓடிட்டன்னு இல்ல நெனச்சுக்கினு இருந்தோம். இத அப்பவே சொல்றதுக்கு இன்னா தம்பி?" என்றார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்தார். "கோயிலுக்குப் பின்னால நம்ம மோட்டார் ரூம்பு கீது. பக்கத்துலயே புதுசா கக்கூஸ் கட்டிக்கீறோம். சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

அந்தச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இத்தனை மாதக் கஞ்சியும் நடையும் ஒத்திகையும் ஒரு பக்கம், அந்தச் சாவி ஒரு பக்கம்.

கோயில் வாசலில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். சின்னவனை என் மடியில் வைத்தாள் தங்கை. வைத்துவிட்டு நகராமல் பக்கத்திலேயே நின்றாள். நாவிதர் தலையை நனைத்தார். முதல் கத்தி இழுப்பில் முடி கொத்தாக என் வேட்டியில் விழுந்தது. சரியாகப் பாதித் தலை ஆனபோது, யாரோ சொல்லிவைத்ததுபோல வயிறு முறுக்கியது. கண் தானாகத் தோப்பைப் பார்த்தது. நிமிர்ந்தால், தங்கையும் தோப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறுகையால் சட்டைப் பையைத் தொட்டேன். சாவி இருந்தது. வேண்டுமென்றால் போகலாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று வயிற்றிடம் நயமாகச் சொன்னேன். முறுக்கு ஒரு சுற்று ஏறியது. பிறகு மெதுவாக இறங்கியது. கத்தி மறுபக்கத் தலைக்குப் போயிருந்தது.

மொட்டை முடிந்து சந்தனம் பூசினார்கள். காது குத்தும் பத்தர் வந்து உட்கார்ந்தார். வலது காதில் ஊசி இறங்கியதும் பிள்ளை உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினான். அதே நொடியில் என் மடியில் சூடாக ஈரம் பரவியது.

எனக்கு உலகமே நின்றுவிட்டது. இத்தனை பேர் நடுவில் கடைசியில் நடந்தே விட்டதா? அசையவும் பயந்து, குனிந்து பார்த்தேன். ஈரம் சின்னவனின் தொடையிலிருந்து என் பட்டு வேட்டியில் வழிந்து, பாயில் ஓடிக்கொண்டிருந்தது.

அவன்தான்! நானில்லை, அவன்தான்! நான் சிரிக்க ஆரம்பித்தேன். அடக்கமுடியாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மாமியாருக்குப் புரிந்துவிட்டது. "தோ பாருங்கடி, மாமன் கெட்டியா குந்திக்கினு கீறான், மருமவன் வுட்டுட்டான்!" என்று கத்தினார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. மூத்தவள் மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டேன்.

தங்கை குனிந்து என் தோளைத் தொட்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"எழுந்துருண்ணா. போய் வேட்டிய மாத்திக்கினு வா. நாங்க இருக்கோம்."

"இன்னொரு காது பாக்கி கீதே" என்றேன். எழுந்திருக்கவில்லை.